நாற்பது வயதுப் பிள்ளை

பாபிலோன் நகரத்து ராஜாவிடம் நூராத்தும் என்று ஒரு மந்திரி இருந்தான். குறும்பு அவனுக்கு மூன்று வேளைச் சாப்பாடு மாதிரி. ஊரில் யாருக்கு என்ன சிக்கல் வந்தாலும் நேராக அவன் வாசலுக்குத்தான் வருவார்கள்.

ஒரு நாள் லமாசிக் கிழவி அழுதுகொண்டு வந்தாள். அவள் பிள்ளையில்லாத விதவை. அரண்மனைக் களஞ்சிய அதிகாரி வராசாவை மூன்று வருஷத்துக்கு முன்னால் தத்தெடுத்திருந்தாள். பிள்ளைக்கு அப்போதே வயது நாற்பது! அந்த ஊரில் வளர்ந்த ஆளையும் தத்தெடுக்கலாம். தாய்க்குப் பிறகு அவளுடைய பேரீச்சந்தோப்பு பிள்ளைக்கு. சாகும்வரை தாய்க்குப் பார்லியும் எண்ணெயும் கொடுப்பது பிள்ளையின் பொறுப்பு. களிமண் பலகையில் எழுதி, முத்திரையும் வைத்தாகிவிட்டது. ஆனால் வராசா ஒரு பிடி பார்லிகூட அனுப்பவில்லை.

"பிடிக்கலேன்னா நீ என் பிள்ளை இல்லைன்னு சொல்லிடேன்னு சிரிக்கிறான் தம்பி. சொல்லிடவா?"

"ஐயையோ, சொல்லிடாதீங்கம்மா!" நூராத்தும் பதறிப்போனான்.

சட்டம் அப்படி. 'நீ என் பிள்ளை இல்லை' என்று தாய் சொன்னால் வீடும் தோப்பும் அப்போதே பிள்ளைக்கு. 'நீ என் தாய் இல்லை' என்று பிள்ளை சொன்னால் அவன் வெறுங்கையோடு போகவேண்டும். கிழவி வாயிலிருந்து அந்த ஒரு சொல்லை வரவழைக்கத்தான் அவளைப் பட்டினி போட்டிருக்கிறான் படுபாவி! நூராத்துமுக்குக் கோபம் வந்தது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பும் வந்தது.

"அவன் பிள்ளையா நடக்காட்டி போகட்டும். நீங்க தாயா நடந்துக்குங்க. ஒரு குறையும் வைக்காதீங்க."

மறுநாள் சபையில் வராசா களஞ்சிய விவரம் சொல்லிக்கொண்டிருந்தான். கஞ்சிச் சட்டியோடு லமாசி உள்ளே வந்தாள்.

"சாப்பிடாம ஓடி வந்துட்டியே கண்ணு! ஆ காட்டு."

காவலர்கள் ஓடி வந்தார்கள். "பெத்தவளுக்குச் சமமான தாய். தடுக்கலாமா மகாராஜா?" என்றான் நூராத்தும். ராஜா கையமர்த்தினார். கிழவி கஞ்சியை ஊட்டி, தாடியைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டுப் போனாள்.

இரண்டாம் நாள், சபை நடுவிலேயே அவன் தலையில் பேன் பார்த்தாள். "ஆடாம இருடா!"

மூன்றாம் நாள் வராசாவுக்குப் பெண் கொடுக்கவிருந்த தளபதி வந்திருந்தார். கிழவி நேரே அவரிடம் போனாள்.

"சம்பந்தி, என் பிள்ளை தங்கம். என்ன, படுக்கையை நனைக்கிற பழக்கம்தான் இன்னும் போகல. பொண்ணு கூடவே துணி துவைக்க ஒரு ஆளையும் அனுப்பிடுங்க."

சபை குலுங்கியது. வராசா குதித்தான்.

"பொய்! மகாராஜா, பொய்! என்னைப் பத்தி இவளுக்கு என்ன தெரியும்? இவ என் தாயே இல்ல!"

நூராத்தும் எழுத்தரைப் பார்த்தான். அவர் மடியில் ஈரக் களிமண் மூன்று நாளாகத் தயாராக இருந்தது.

"எழுதிட்டீங்களா?"

"கடைசிச் சொல் வரைக்கும், ஐயா."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வராசா தோப்பை இழந்து வெளியே போனான். கிழவிக்கு ஆயுள் முழுக்க அரண்மனையிலிருந்தே பார்லியும் எண்ணெயும் என்று உத்தரவானது.

"நூராத்தும், உனக்கு என்ன பரிசு வேணும்? கேள்!"

நூராத்தும் ஓரக்கண்ணால் பார்த்தான். மிச்சக் கஞ்சியோடு லமாசி அவனை நோக்கி வந்துகொண்டிருந்தாள். "இளைச்சுப் போயிட்டியே என் செல்லம்..."

அவன் பாய்ந்து சிம்மாசனத்துக்குப் பின்னால் ஒளிந்தான்.

"இந்தம்மா என்னைத் தத்தெடுக்கக் கூடாதுன்னு ஒரே ஒரு உத்தரவு போடுங்க மகாராஜா!"

"உத்தரவெல்லாம் அப்புறம்," என்றார் ராஜா. "முதல்ல ஆ காட்டு!"