வெள்ளைக் குதிரை குடிக்காத தண்ணீர்

முருங்கைக்கீரை உருவிக்கொண்டே சொல்கிறேன். காம்பு கீழே விழுந்தால் நீங்கள்தான் பொறுக்கிப் போட வேண்டும், சரியா பிள்ளைகளா?

மழை குறைவான ஒரு சீமையில், ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், ஒரு ராஜா இருந்தான். அவனுக்குக் குதிரை என்றால் உயிர். லாயத்தில் முப்பது குதிரைகள். அவை தண்ணீர் குடிக்க ஒரு பெரிய கல்தொட்டி. தொட்டிக்கு வெளிப்புறம் முழுக்கப் பித்தளைத் தகடு.

லாயத்துக்குத் தலைவர் கச்சிராயர். தினமும் அந்தத் தகட்டைப் புளி போட்டுத் தேய்க்கச் சொல்வார். ராஜா வந்தால் குனிந்து, தகட்டில் தன் முகத்தைப் பார்த்து, மீசையைத் திருகிக்கொள்வான். "சபாஷ்!" என்பான். தொட்டிக்குள் எட்டிப் பார்த்ததே இல்லை.

தண்ணீர் சுமப்பவள் வெள்ளச்சி. கூச்சக்காரி. நூறு குடம் ஊற்றினால்தான் தொட்டி நிறையும்.

ஒருநாள் அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "ஐயா, அடியில பாசி பிடிச்சிருக்கு. கொட்டிக் கழுவிடலாமா?"

கச்சிராயர் சிரித்தார். "பாதித் தண்ணி கிடக்கு, அதைக் கொட்டணுமாம்! உங்க அப்பன் வெட்டின கிணறா? மேல ஊத்து, போ."

அவள் ஊற்றினாள். பழைய தண்ணீர் மேல் புதுத் தண்ணீர், அதன் மேல் இன்னும் புதுத் தண்ணீர். மூன்று மாதம் ஆனது. குதிரைகள் வேறு வழியில்லாமல் குடித்தன. வயிறு ஒட்டி, ரோமம் மங்கி நின்றன.

அப்போதுதான் கடல் தாண்டி ஒரு வெள்ளைக் குதிரை வந்தது. சினைக் குதிரை. அது தொட்டியில் மூக்கை வைத்தது. மோந்து பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

முதல் நாள் வேப்பிலை அடித்தார்கள். குடிக்கவில்லை. இரண்டாம் நாள் தாயத்துக் கட்டினார்கள். குடிக்கவில்லை. மூன்றாம் நாள் தொட்டியில் வெல்லம் கரைத்தார்கள். ஈக்கள் குடித்தன, குதிரை குடிக்கவில்லை.

குதிரையின் கண் உள்ளே போய்விட்டது. கால் மடங்கியது. ராஜா ஓடி வந்தான்.

"என்னய்யா ஆச்சு?"

கச்சிராயர் சட்டென்று வெள்ளச்சியைக் காட்டினார். "தொட்டி தங்கமா மின்னுது, நீங்களே பாருங்க மகாராஜா. இவ கண்ணுதான் பட்டுடுச்சு."

"பொழுது சாய்வதற்குள் குதிரை குடிக்க வேண்டும். இல்லாவிட்டால் இவள் என் சீமையில் இருக்கக் கூடாது" என்றான் ராஜா.

வெள்ளச்சிக்கு வேறு ஊரும் தெரியாது, வேறு ஆளும் கிடையாது. ஒரு செம்பை எடுத்தாள். தோள் வரை கையை விட்டு, அடித் தண்ணீரை மொண்டாள். பச்சைப் பாசி, அழுகிய வைக்கோல், நெளிகிற புழு. அதைக் கச்சிராயர் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"ஐயா, ஒரே ஒரு மடக்கு."

அவர் இடப்பக்கம் திரும்பினார். செம்பும் இடப்பக்கம் போனது. வலப்பக்கம் திரும்பினார். செம்பும் வலப்பக்கம் வந்தது. கடைசியில் அண்ணாந்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"குதிரையும் இதைத்தான் செஞ்சுது மகாராஜா" என்றாள் வெள்ளச்சி. "இவருக்கு யாரு கண்ணு பட்டுச்சு?"

ராஜா முதன்முறையாகத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான். அங்கே அவன் முகம் தெரியவில்லை.

இருந்த தண்ணீரையெல்லாம் இறைத்துக் கொட்டினார்கள். வெள்ளச்சி தேங்காய் நாரால் உள்ளே தேய்த்துக் கழுவினாள். நூறு குடத்தையும் கச்சிராயரே சுமந்தார். தொட்டி நிறையும் வரை குதிரை காத்திருக்கவில்லை, முதல் குடத்திலேயே வாயை வைத்து உறிஞ்சியது. எண்பதாவது குடத்தில் "அம்மாடி" என்று உட்கார்ந்தவரை, "இன்னும் இருபதுய்யா" என்று ராஜா எழுப்பிவிட்டான்.

வாய் பேசாத உயிருக்கு வைக்கும் தண்ணீர், வைக்கிறவர் தானே குடிக்கக் கூசாத தண்ணீராக இருக்க வேண்டும்.

வெள்ளச்சிக்கு ராஜா ஒரு சேலை கொடுத்தான். பச்சைச் சேலை, கரை மட்டும் அரக்கு, அதில் வரிசையாகச் சின்னச் சின்ன... இதோ வரேன் அத்தை, பிள்ளை முழிச்சுட்டானா, மடியில கீரை இருக்கு...