யாருடைய ரத்தம்

மலையடிவாரத்து மடத்தில் சிவக்கொழுந்து என்றொரு சீடர் இருந்தார். அறுபதை நெருங்கும் வயது. மனைவி போன பிறகு ஒரு துணிப்பையோடும் பல வருஷத்துச் சர்க்கரை நோயோடும் வந்து சேர்ந்தவர். பந்தியில் பரிமாறுவது அவர் வேலை. வலியைக் கடந்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை.

குரு வேதநாயகி அம்மாள் அவரைவிட இளையவர்தான். இருந்தாலும் மடத்தில் எல்லாருக்கும் அம்மா.

பௌர்ணமிக்கு முதல் நாள் மதியம், பந்திக்கு ஆள் சேர்ந்துகொண்டிருந்த நேரம். வெளியே போயிருந்த சிவக்கொழுந்து கூடத்துக்கு வந்து அம்மாள் முன் கைகட்டி நின்றார். முகத்தில் சந்தோஷம் தாங்கவில்லை.

"அம்மா, எனக்கு வலி போயிடுச்சு."

"எங்கே போச்சு?"

"கொஞ்ச நாளாவே கால்ல சூடு தெரியல, கல்லு குத்துறது தெரியல. பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு. இப்பக்கூட கொதிக்கிற தார் ரோட்டுல செருப்பில்லாம கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வந்தேன். ஒண்ணுமே தெரியலம்மா. உடம்பு வேற, நான் வேறன்னு ஆயிடுச்சு. நாளைக்கு வெறுங்காலோட மலையைச் சுத்தி வரேன். அதுக்கப்புறம் செருப்பே வேணாம்னு இருக்கேன். உத்தரவு குடுங்க."

அம்மாளின் கண் வாசற்படியில் இருந்தது. அங்கே சிவப்பாக ஒரு கறை, உள்ளே தள்ளி இன்னொன்று.

"அது ரத்தமா பாருங்க கொழுந்தய்யா. யாருக்கோ அடிபட்டிருக்கு."

"ஐயய்யோ" என்று சிவக்கொழுந்து திரும்பி ஓடினார். ஓடும்போது அவர் உள்ளங்காலை அம்மாள் பார்த்துவிட்டார். கூப்பிட்டார். மனுஷர் காதில் விழவில்லை.

பந்திக்கு உட்கார்ந்திருந்தவர்களை எல்லாம் சிவக்கொழுந்து எழுப்பிக் காலைக் காட்டச் சொன்னார். "இப்படி ரத்தம் ஒழுக நடக்கிறீங்களே, உடம்புன்னா அவ்வளவு இளக்காரமா? யாரா இருந்தாலும் சொல்லுங்க, நானே கழுவிக் கட்டுப் போடுறேன்" என்று கெஞ்சினார், திட்டவும் திட்டினார். அடுப்படிக்குப் போனார், கிணற்றடிக்குப் போனார். தேடத் தேடக் கறைதான் கூடிக்கொண்டே வந்தது.

கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த செங்கேணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஐயா, நீங்க வர்றதுக்கு முன்னாடி இங்க ஒண்ணும் இல்லையே."

சிவக்கொழுந்து துவைக்கிற கல்லில் உட்கார்ந்து காலைத் திருப்பினார். குதிகாலில் ஒரு கண்ணாடிச் சில்லு, பாதிக்கு மேல் உள்ளே இருந்தது. அழுத்திப் பார்த்தார். யாருடைய காலையோ தொடுவது போல இருந்தது. அப்போதுதான் அவருக்குப் பயம் வந்தது.

தண்ணீரோடும் வெள்ளைத் துணியோடும் அம்மாள் வந்து கீழே உட்கார்ந்தார். சிவக்கொழுந்து காலை இழுத்துக்கொண்டார்.

"நீங்க என் காலைத் தொடக் கூடாதும்மா."

"யாரா இருந்தாலும் கழுவி விடுறேன்னு சொன்னீங்களே. நான் சொல்லக் கூடாதா?"

சிவக்கொழுந்து காலை நீட்டினார். அம்மாள் சில்லை அசைக்காமல் காலைக் கழுவி, விரலிடுக்கெல்லாம் ஈரம் போக ஒற்றி, துணியைச் சுற்றி, ஆட்டோவில் ஏற்றித் தானும் கூடவே ஆஸ்பத்திரிக்குப் போனார்.

சர்க்கரையால் நரம்பு மரத்துப்போய்விட்டது என்றார் டாக்டர். நல்லவேளை, உடனே வந்தீர்கள். இதோடு மலையைச் சுற்றியிருந்தால் காலே போயிருக்கும் என்றார். நடக்கக் கூடாது, ஆறின பிறகும் வீட்டுக்குள்கூடச் செருப்பில்லாமல் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

சாயங்காலம் மடத்தில் சிவக்கொழுந்து கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது.

"இங்க வந்து நான் சம்பாதிச்சது இது ஒண்ணுதான்னு இருந்தேம்மா. அதுவும் சர்க்கரைதானா?"

அம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

"யாரோ ஒருத்தர் ரத்தத்துக்காகப் பந்தியை விட்டுட்டு மடம் பூரா ஓடினீங்களே கொழுந்தய்யா. அது சர்க்கரை இல்லை."

அவர் கால் கட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"நாளைக்கு மலைக்குப் போக முடியாது. வேற என்னம்மா செய்யட்டும்?"

அம்மாள் பூஜை மாடத்திலிருந்து கைக்கண்ணாடியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"இன்னிக்கு நீங்க தேடின அந்த ஆள் நாளைக்கும் வருவார். வலிக்குதுன்னு சொல்லத் தெரியாதவர். தினம் விளக்கேத்துறதுக்கு முன்னாடி ரெண்டு பாதத்தையும் இதுல காட்டி, அவரைத் தேடுங்க."