குதிகாலுக்கு வந்த களிம்பு

முன்னொரு காலத்தில், ராஜாக்களின் குதிகாலிலும் பித்தவெடிப்பு வந்துகொண்டிருந்த காலத்தில், செண்டலங்கார ராஜா என்று ஒருவர் இருந்தார். புதிதாகக் கட்டிய மண்டபத்தின் வழவழத் தரையில் வெறுங்காலோடு நடந்து பார்க்க அவருக்கு ஆசை வந்துவிட்டது. குதிகாலோ பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மூன்றே நாளில் மருந்து வேண்டும் என்று அரண்மனை வைத்தியர் ஆதிமூலப் பண்டிதருக்கு உத்தரவு போனது. பாவம், மனுஷன் என்ன செய்வார்? சேங்கொட்டையை இடித்துக் களிம்பு கிண்டிக் கொண்டுவந்துவிட்டார்.

ராஜா கெட்டிக்காரர். தன் காலில் தடவுவதற்கு முன், தன்னைப் போன்ற ஓர் உடம்பில் தடவிப் பார்க்க வேண்டும் என்றார். சபையின் விகடக்காரன் காத்தமுத்துவைக் கண்டாலே வயிறெரியும் மந்திரி வேலப்பர் சும்மா இருப்பாரா? அவனுக்கும் அரசருக்கும் ஒரே வயது, ஒரே எடை, நாளைக் காலை அவன் காலிலேயே பார்த்துவிடலாம் என்று எடுத்துக் கொடுத்தார். ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

காத்தமுத்துவுக்குச் சேங்கொட்டையைப் பற்றி நன்றாகத் தெரியும். அவன் அப்பா ஊருக்குத் துணி வெளுத்தவர். துணிக்குக் குறி போடுவது சேங்கொட்டைச் சாற்றால்தான். அது பட்டு அப்பாவின் கை கொப்பளித்துப் புண்ணானதை அவன் கண்ணாரப் பார்த்தவன். நஞ்சு நீங்கப் பக்குவமாகச் சுத்தி செய்தால்தான் அது மருந்து. அதற்கு ஏழு நாளாகும். இந்தப் பண்டிதர் மூன்றாம் நாளே கிண்ணத்தோடு நிற்கிறாரே! மாட்டேன் என்றால் ராஜதுரோகம், சரி என்றால் கால் வெந்துபோகும்.

மறுநாள் சபை கூடியது. அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வருகிறவர் ஒவ்வொருவரும், "இந்த உடம்பு என்னுடையதல்ல, மகாராஜா, தங்களுடையது" என்று சொல்லி வணங்கிவிட்டுத்தான் உட்கார வேண்டும். மந்திரி நெஞ்சைத் தொட்டுச் சொன்னார். பண்டிதர் கண்கலங்கச் சொன்னார். காத்தமுத்து மட்டும் வெறுமனே கும்பிட்டுவிட்டு நின்றான். ஏன் சொல்லவில்லை என்று ராஜா கேட்டார்.

"மன்னிக்க வேண்டும், மகாராஜா. இன்றைக்கு மருந்துச் சோதனை, பொய் கலக்கக் கூடாது. இது பழைய சோறும் கருவாடும் தின்று வளர்ந்த என் சொந்த உடம்பு. தங்களைப் போன்ற உடம்பைத் தேடுவானேன்? தங்களுடைய உடம்பே இங்கே முன்வரிசையில் இரண்டு உட்கார்ந்திருக்கிறதே. இப்போதுதான் சபையறிய ஒப்புக்கொண்டார்கள்."

ராஜாவுக்கு அது நியாயமாகப் பட்டது. மந்திரியைக் காலை நீட்டச் சொன்னார். வேலப்பர் இரண்டு காலையும் வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார். அடுத்துப் பண்டிதரைப் பார்த்தார். அவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

"மகாராஜா, கொட்டை இன்னும் சுத்தியாகவில்லை. ஏழு நாள் வேலை. சொல்லப் பயந்துவிட்டேன்."

ராஜாவின் முகம் சிவந்ததைப் பார்த்துக் காத்தமுத்து குறுக்கே வந்தான். தப்பில் பாதிதான் பண்டிதருடையது, மீதிப் பாதி அவசரப்படுத்தியவருடையது, அவர் யாரென்று மட்டும் தன்னைக் கேட்க வேண்டாம் என்றான். ராஜா ஒரு நிமிஷம் முறைத்தார். அப்புறம் வாய்விட்டுச் சிரித்து, என்ன பரிசு வேண்டும் என்று கேட்டார்.

"பண்டிதருக்கு ஏழு நாள் கொடுங்கள், மகாராஜா. களிம்பு ஆனதும் அவரே தம் முழங்கையில் மிளகளவு தடவி, பொறுத்துப் பார்த்துவிட்டு வரட்டும்."

கேட்டதையும் கொடுத்து, தம் கழுத்து முத்துமாலையையும் அவனுக்குப் போட்டார் ராஜா. மறுநாள் சபைக்கு வந்தவர்கள் எல்லாரும் வெறும் வணக்கத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். ராஜாவுக்கு அன்று முழுக்கச் சிரிப்பு அடங்கவில்லை.