பள்ளி நேரத்து அழைப்பு

மலையடிவாரத்தில் இருந்த ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குத் தையல்நாயகி முதல்வர். அங்கே பாடம் நடத்திய இன்பவல்லியும் ஜெசிந்தாவும் முன்பு அவரிடமே படித்தவர்கள்.

படிப்பை முடித்துப் போனவர்கள் இப்போது எங்கே, என்ன செய்கிறார்கள் என்று விசாரித்து வரும்படி முதல்வர் இருவரிடமும் சொல்லியிருந்தார். அவரவர் பாடம் நடத்திய மாணவர்களில் ஆளுக்கு ஒரு செட். நன்றாக முடிப்பவருக்கே புதிதாகச் சேரும் செட்டின் பொறுப்பு. இன்பவல்லிக்கு அந்தப் பொறுப்பு வேண்டும்.

பாதிப் பேரின் எண் மாறியிருந்தது. ஒருத்தி கல்யாணமாகி ஓசூர் போனாள் என்றார்கள். ஓசூரில் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. காலையில் கூப்பிட்டபோது மற்றவர்கள் எடுக்கவே இல்லை.

அடுத்த மேசையில் ஜெசிந்தாவின் கைபேசி அடித்தபடி இருந்தது. அவளிடம் படித்தவர்கள்தான். "சொல்லுடா, சாப்பிட்டியா?" என்று அவள் கேட்கும் ஒவ்வொரு முறையும் இன்பவல்லிக்கு உள்ளே எரிந்தது.

மதிய இடைவேளையில் முதல்வரின் அறைக்குப் போனாள். அவர் மாதுளை உரித்துக்கொண்டிருந்தார்.

"முகம் ஏன் இப்படி இருக்கு? பசியா, ஜெசிந்தாவா?"

"ரெண்டு பேரும் ஒரே பாடத்தைத்தானேம்மா நடத்தினோம். என் பிள்ளைங்க என்னை மறந்துட்டாங்க. அவ பிள்ளைங்க அவளை விட மாட்டேங்கிறாங்க. கொஞ்சிக் கொஞ்சியே பழக்கி வச்சிருக்கா."

"எப்பக் கூப்பிடுறாங்க?"

"காலையிலதான். ரெண்டாம் பீரியட், மூணாம் பீரியட். ஒரு நாள் தவறாம."

"அந்த நேரத்துல டீச்சர் எங்கே இருப்பாங்க?"

"வகுப்புல."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. முகம் தெளிந்தது.

"அப்போ அவளைக் கூப்பிடுறவங்களுக்கு வகுப்பே இல்லை. வேலை கிடைக்காதவங்க. என் பிள்ளைங்க பாடம் நடத்திட்டு இருக்காங்க, அதான் எடுக்கல. அப்படித்தானேம்மா?"

"சந்தோஷமா?"

"உங்ககிட்ட எதுக்குப் பொய் சொல்லணும். சந்தோஷம்தான்."

முதல்வர் ஒரு கை மாதுளை முத்துக்களை நீட்டினார். இன்பவல்லி வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

"உன் செட்டுல எல்லாருக்கும் வேலை கிடைச்சிருச்சா?"

"அது எப்படிம்மா எல்லாருக்கும் கிடைக்கும்? கிடைக்காதவங்களும் இருப்பாங்க."

"அவங்க யாரைக் கூப்பிடுறாங்க?"

இன்பவல்லி வாயில் போட்டதை மெல்லாமல் நின்றாள்.