முள் கீறிய கதவு

கொட்டகைக்குள் விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கறுப்புக் கார் கண்ணாடி மாதிரிதான் பளபளத்தது. வெயிலுக்குக் கொண்டுவந்ததும் மாரப்பன் கதவோரம் குனிந்தார். முன்கதவு முழுக்கச் சிலந்தி வலை பின்னியதுபோல் வட்ட வட்டமாகக் கீறல்கள். அத்தனையும் நேற்று அவர் மெஷின் போட்டுப் பாலிஷ் செய்த இடம்.

கார்க்காரர் நாச்சிமுத்து இடுப்பில் கைவைத்து நின்றார்.

"ஏனுங்க, முள்ளுச்செடி உரசுன ஒத்தக் கீறலை எடுக்கச் சொன்னா, கதவு பூராவும் கோலம் போட்டு வெச்சிருக்கீங்க?"

கடை ஜெசிந்தாவுடையது. மாரப்பனைவிட வயதில் ரொம்பச் சின்னவள். ஆனாலும் இந்தத் தொழிலில் அவருக்கு அவள்தான் குரு.

"மத்தியானம் வாங்கய்யா. இதே வெயில்ல நிறுத்திக் காட்டறோம்," என்றாள் அவள்.

"அப்பவும் தெரிஞ்சுதுன்னா சுரண்டிப் புதுப் பெயிண்ட் அடிக்கக் குடுத்துருவேன். கம்பெனி பெயிண்ட் போனா போனதுதான்."

அவர் போய்விட்டார். மாரப்பன் கத்திக்குச் சாணை பிடித்தே பாதி ஆயுளைக் கழித்தவர். முழங்கால் தேய்ந்து, சாணை மிதிக்க முடியாமல் இங்கே வந்தார். இந்தக் கதவு கைவிட்டுப் போனால் இந்தத் தொழிலும் போச்சு என்று மனசுக்குள் முடிவே கட்டிவிட்டார்.

மெஷினைக் கதவில் வைத்து, பல்லைக் கடித்து அழுத்தினார்.

"அழுத்தாதீங்கண்ணா."

"அழுத்தாம எப்படி அம்மிணி போகும்? இரும்பே எங்கிட்ட அழுத்துனாத்தான் மசியும்!"

ஜெசிந்தா மெஷினை வாங்கி நிறுத்தினாள். பஞ்சு ஒட்டியிருந்த வட்டின் விளிம்பில் வெள்ளைப் பேனாவால் ஒரு கோடு போட்டாள்.

"இப்ப ஓட்டுங்க. உங்க வழக்கப்படியே."

அவர் அழுத்தினார். மெஷின் அலறியது. தோள் குலுங்கியது.

"கோடு சுத்துதா?"

மாரப்பன் குனிந்து பார்த்தார். "இல்ல அம்மிணி. நின்ன இடத்துலயே நடுங்குது."

"சத்தம்?"

"சத்தம் ஊரையே கூட்டுது."

அவள் சிரித்துவிட்டாள். "கையை எடுக்காதீங்க. பாரத்தை மட்டும் எடுங்க. அழுத்துனா வட்டு சுத்தாம நின்னுரும், நின்ன இடத்துலயே கீறும்."

அவர் கையைத் தளர்த்தினார். கோடு அசைந்தது. மெதுவாகச் சுற்றியது. பிறகு கண்ணுக்கே தெரியாமல் போனது. மெஷின் சத்தமும் வண்டு ரீங்காரம்போல் அடங்கியது. மாரப்பனுக்குச் சாணைக்கல் பழக்கம் மறந்துபோனது.

புதுப் பஞ்சு மாட்டிக்கொண்டு, சாண் சாணாக நகர்ந்தார். ஒவ்வொரு சாண் முடிந்ததும் ஜெசிந்தா ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தாள்.

"பளபளப்பு போயிருமே, அம்மிணி!"

"எண்ணெய்ப் பளபளப்புதான் போகும். அது போனாத்தான் கீறல் இருக்கா இல்லையான்னு தெரியும்."

அவள் துடைக்கும்போதெல்லாம் அவர் குனிந்து கீறலைத் தேடினார்.

உச்சி வெயிலில் நாச்சிமுத்து வந்தார். கதவோடு முகத்தை வைத்தார். குந்தினார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்துப் பார்த்தார். கதவுக்குள் அவருடைய மீசை முடியை ஒவ்வொன்றாக எண்ணலாம்போல் இருந்தது.

"அட சாமி!" தொடையில் ஓங்கித் தட்டினார். "வாங்குன அன்னிக்குக்கூட இப்படி இல்லீங்க!"

பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் ஓடிவந்து பார்த்து விசிலடித்தார். டீக்கடையில் இருந்தவர்கள் கிளாசும் கையுமாக வந்து சூழ்ந்துகொண்டார்கள். மாரப்பனுக்குக் கூனியிருந்த முதுகு தானாக நிமிர்ந்தது.

"அந்த முள்ளுக் கீறல் எந்த இடத்துலங்க இருந்துச்சு?" என்றார் நாச்சிமுத்து. "வீட்ல கேப்பாங்க, காட்டோணும்."

"இதோ, இங்கதானுங்க," என்று மாரப்பன் விரலை நீட்டினார்.

விரல் அந்தரத்தில் நின்றது. கைப்பிடிக்குக் கீழேயா? கொஞ்சம் தள்ளியா? இந்தப் பக்கம் கொண்டுபோனார், அந்தப் பக்கம் கொண்டுபோனார். நேற்றிலிருந்து கண்ணை மூடினாலும் தெரிந்த கீறல் அது.

திகைத்துப்போய் ஜெசிந்தாவைப் பார்த்தார்.

"எங்க இருந்துச்சுன்னு எனக்கே தெரியலையே, அம்மிணி."

"அப்ப வேலை முடிஞ்சுதுங்கண்ணா," என்றாள் ஜெசிந்தா. "சாவியை அவர்கிட்டக் குடுங்க."