ஏசியில் வாழ்ந்த மைனா

ஏரிக்கரை இலுப்பை மரத்துப் பொந்தில் பிறந்த ஒரு மைனா, கப்பலேறி ஒரு பாலைவன நகரத்துக்குப் பிழைக்கப் போனது. அதன் பெயர் மஞ்சமூக்கன்.

அங்கே அது குடியிருந்தது ஒரு பெரிய ஹோட்டலின் பின்சுவரில். ஏசி எந்திரம் அனல் காற்றை வெளியே தள்ளுமே, அந்த எந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில்! சாப்பாடு, குப்பைத் தொட்டியில் விழும் காய்ந்த ரொட்டி. அதையும் பூனை அசந்த நேரத்தில்தான் எடுக்க முடியும்.

ஆனால் ஒவ்வொரு குளிர்காலத்திலும் தெற்கே போகும் வாத்துகளிடம் அது சொல்லியனுப்பிய சேதியே வேறு.

"நான் ஏசியிலதான் இருக்கேன்னு சொல்லுங்க! காலையில பாதாம், ராத்திரி பிஸ்தா! எனக்கு எதுக்கு அந்த ஓட்டைப் பொந்து? இல்லாதவங்க யாருக்காச்சும் குடுத்துடச் சொல்லுங்க!"

வாத்துகளும் ஒரு வார்த்தை விடாமல் கொண்டுபோய்ச் சேர்த்தன.

வருடங்கள் ஓடின. மஞ்சமூக்கனின் இறகு வெளுத்தது. ஒரு சாயங்காலம் பக்கத்து ஜன்னல் புறாவிடம் அது மனம் விட்டுப் பேசியது.

"நாளைக்குக் கப்பல். ஊருக்கே போயிடறேன். இத்தனை வருஷம் இங்க என்ன பண்ணினேன்னு யோசிச்சுப் பாத்தேன். அனல்ல உக்காந்துகிட்டு, குளிருதுன்னு ஊருக்குச் சொன்னேன். அது ஒண்ணைத்தான் ஒழுங்கா செஞ்சிருக்கேன்!"

"ஊர்ல போய் என்ன சொல்லுவ?"

"உண்மையைத்தான்! என் பொந்துல போய்ப் படுத்தாப் போதும் எனக்கு."

"அதுக்காக வெறுங்கையோடவா போவ?" என்றது புறா.

மஞ்சமூக்கன் உடனே குப்பைத் தொட்டியைக் கிளறி, மினுமினுக்கும் சாக்லேட் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டது. உண்மையைச் சொல்லப் போகிறவனுக்கும் வெறுங்கையோடு ஊர் திரும்ப மனம் வருவதில்லை!

அது வரும் சேதியை வாத்துகள் முன்பே சொல்லியிருந்ததால், இலுப்பை மரத்தில் மைனாக் கூட்டமே காத்திருந்தது. மஞ்சமூக்கன் நேராகப் பொந்துக்குப் பறந்தது. உள்ளேயிருந்து ஒரு அணில் தலையை நீட்டியது. அதன் பின்னால் அதன் குட்டிகள்.

மஞ்சமூக்கன் கூட்டத்தில் இருந்த தன் தம்பியைத் திரும்பிப் பார்த்தது. "டேய் தம்பி! என் பொந்துல யாருடா இது?"

"நீங்கதானேண்ணே குடுக்கச் சொன்னீங்க! அவங்க தினமும் உங்களக் கும்பிட்டுட்டுதான் சாப்பிடுறாங்க!" என்றது தம்பி கருந்தலையன். "அத விடுங்க. நாங்க எல்லாரும் உங்க ஏசிக்கு வர ரெடி! கூட்டையெல்லாம் கலைச்சாச்சு. எப்பண்ணே கப்பல்?"

மஞ்சமூக்கனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அய்யய்யோ! அங்க குளிரே கிடையாதுடா! நான் இருந்தது ஏசிக்குப் பின்னால, அனல்ல! தின்னது காஞ்ச ரொட்டி! நான் சொன்னதெல்லாம் பொய்!"

சித்தி மைனா கலகலவென்று சிரித்தது.

"பாத்தீங்களா! நம்மளக் கூட்டிட்டுப் போக மனசில்ல. எப்படிக் கதை விடுறான்! அவன் கால்ல மின்னுற தாளைப் பாருங்க. இவன் காஞ்ச ரொட்டி தின்னானாம்!"

மறுநாள் காலையில் கூட்டமே துறைமுகத்தைப் பார்த்துப் பறந்தது. மஞ்சமூக்கன் கத்திக்கொண்டே பின்னால் போனது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது தனியாகத் திரும்பி வந்து, வெயில் கொளுத்தும் மொட்டைக் கிளையில் உட்கார்ந்து அழுதது.

அடுத்த குளிர்காலத்தில் வாத்துகள் வந்து இறங்கின.

"மஞ்சமூக்கா! உன் தம்பி சேதி சொல்லியனுப்பினான். எல்லாரும் ஏசியிலதான் இருக்காங்களாம்! காலையில பாதாமாம், ராத்திரி பிஸ்தாவாம்!"

பெருமைக்காகச் சொன்ன பொய்யை ஊர் நம்பிவிட்டால், சொன்னவனே வந்து உண்மையைச் சொன்னாலும் ஊர் கேட்காது.