ஆளில்லாம ஜெயிச்ச குதிரை

முன்னொரு காலத்துல, ஏழு மலைக்கு அந்தாண்ட, கண்ணுக்கெட்டுன மட்டும் புல்லே இருக்குற மங்கோலிய தேசத்துல பெரிய திருவிழா ஒண்ணு நடந்துச்சாம். மல்யுத்தம், வில்லு, குதிரைப் பந்தயம்னு மூணும் உண்டு. அதைப் பாக்கணும்னு மிளகு வியாபாரி தெய்வானை, ஆறு வயசு மக செல்லியைக் கூட்டிக்கிட்டுப் போனாளாம்.

அங்க தோர்ஜின்னு ஒரு குதிரைக்காரன். அவன் குட்டிக் குதிரையை ஓட்ட வேண்டிய பிள்ளைக்குக் காய்ச்சல். செல்லியைப் பாத்தான். "தங்கச்சி, பாப்பாவ என் குதிரை மேல ஒரு நிமிஷம் உக்கார வைக்கட்டுமா?"ன்னான்.

"அதுக்கென்னண்ணே, உக்காரட்டும்."

சொல்லிட்டு, கழுகு மாதிரி கையை விரிச்சு ஆடுற மல்லனுங்களைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு நின்னா. திரும்பினா குதிரையும் இல்ல, பிள்ளையும் இல்ல!

"எங்கய்யா என் பொண்ணு?"

"மத்த பிள்ளைங்களோட பந்தயத்துக்கு அனுப்பிட்டேன். ஒரு காதம் தள்ளிக் கிளம்பி இங்கதான் வருவாங்க. எங்க ஊர்ல பிள்ளைங்கதான் ஓட்டும், கனம் இருக்காதுல்ல. ஏன் இப்படி வெளிறிப்போற?"

ஒரு நிமிஷம்னுதான கேட்டான்? தெய்வானை பாத்தா, பாத்தா, வெறும் புல்லையே பாத்துக்கிட்டு நின்னா.

புழுதி எழும்புச்சு. முதல்ல வந்தது தோர்ஜி குதிரை. மேல ஆளே இல்ல!

"ஜெயிச்சிட்டேன்!"

"என் பிள்ளை எங்கடா?"

"குதிரைதான வந்து சேரணும்?"

கூட்டமும் ஓடி வந்து, ஜெயிச்ச குதிரையோட வேர்வை ராசின்னு தொட்டு நெத்தியில பூசிக்கிச்சே தவிர, பிள்ளையை ஒருத்தரும் கேக்கல. கேக்கவே இல்லைங்குறேன்! தெய்வானை வர்ற குதிரையை ஒண்ணொண்ணா எண்ணிப் பாத்தா.

பத்து குதிரை வந்துச்சு, செல்லி இல்ல. இருபது வந்துச்சு, இல்ல. நூறு வந்துச்சு, இல்ல. எல்லாத்துக்கும் கடைசியா ஒரு குட்டி தள்ளாடி வருது. மேல நாரான்னு ஒரு சின்னப் பொண்ணு. அவ முதுகைக் கட்டிக்கிட்டு, முழங்கால் பூரா ரத்தமா, செல்லி!

"விழுந்து கெடந்தா அத்தை. ஏத்திக்கிட்டேன். அதான் நேரமாயிடுச்சு."

அப்போ, பந்தயக் குதிரைங்களைப் புகழ்ந்து பாடுற பாட்டுக்காரர் ஒருத்தர் புளிச்ச குதிரைப்பால் கிண்ணத்தோட வந்தாரு. ஓட்டுன பிள்ளை முதல் மடக்கு குடிச்சாத்தான் ஜெயிச்ச குதிரைக்குப் பரிசு. "ஓட்டுனது யாரு தோர்ஜி?"

"இதோ, இந்தப் பாப்பாதான்! குடி கண்ணு, குடி ராசாத்தி!"

செல்லி நாரா முதுகை விடவே இல்ல. "நான் இந்த அக்கா குதிரையிலதான் வந்தேன்"னா.

சுத்தி நின்னவங்க வெக்கப்பட்டு, நெத்தியில பூசுன வேர்வையைத் துடைச்சுக்கிட்டாங்க. கடைசியா வர்ற குட்டிக்கு ஆறுதலாப் பாடுறதும் அங்க வழக்கம். பாட்டுக்காரர் கிண்ணத்தை நாரா கையில குடுத்துட்டுப் பாடினாரு, ஊரே சேந்து பாடுச்சு. தோர்ஜி பரிசும் இல்லாம, பாட்டும் இல்லாம, முதல்ல வந்த குதிரையை இழுத்துக்கிட்டு நடந்தான்.

தெய்வானை ஊர் வந்து சேர்ற வரைக்கும் பிள்ளை கையை விடலையாம். ஒரு நிமிஷம் பிள்ளையைக் குடுன்னு யாரு கேட்டாலும், எதுக்குன்னு கேளுங்க.

குதிரை புல்லுக்குப் போச்சு, கதை வீட்டுக்குப் போச்சு.